நெஞ்சில் நீர்க்கட்டி, முள்ளந்தண்டில் அதன் வேர்

எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை. ஐந்து மாதம் நிரம்புவதற்குள் மூன்று தடவை வாட்டில் மறித்துவிட்டார்கள். மூன்று தடவையும் ஒரே கதைதான். மூச்சு இழுக்கிறது, பால் குடிக்கும்போது இடையில் விட்டுவிட்டு அழுகிறான், நெஞ்சில் கர் கர் என்று சத்தம். "முட்டு" என்றார்கள், "சளி இறுகிப்போச்சு" என்றார்கள், துண்டில் நியூமோனியா என்று எழுதினார்கள். "மருந்து ஏத்தினா ரெண்டு நாள் நல்லா இருக்கான் அக்கா, பிறகு திரும்ப அதே இழுப்பு" என்று தாய் சொன்னபோது, நானும் மற்றவர்களைப் போல மழைக்காலம், ஈரக்காற்று என்றுதான் ஆறுதல் சொன்னேன். மார்கழியில் திருகோணமலையில் எந்த வீட்டில் சளி இல்லை?

மூன்றாம் முறை வாட்டில் இருந்த இளம் டொக்டர் ஒருவர், "பழைய எக்ஸ்ரே இருக்கா அம்மா?" என்று கேட்டிருக்கிறார். முன்பு எடுத்த இரண்டில் ஒன்றுதான் கையில் இருந்தது. மற்றதை எடுத்த இடத்தில் திருப்பிக் கொடுக்கவில்லை, இவர்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. இருந்த பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வலது பக்கம் முள்ளந்தண்டை ஒட்டி, அதே இடத்தில் அதே உருண்டை வெள்ளை. நியூமோனியாவின் நிழல் வரும், சில வாரங்களில் போகும். இது போகவில்லை. அப்புறம் அவர் படத்தின் மேற்பக்கத்துக்குப் போனார். கழுத்துக்குச் சற்றுக் கீழே ஒரு முள்ளென்பு மட்டும் நடுவில் பிளந்து, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி மாதிரித் தெரிந்தது.

வைத்தியர்கள் அதை வண்ணத்துப்பூச்சி முள்ளென்பு என்றே சொல்கிறார்கள். நெஞ்சில் ஒரு உருண்டை, முதுகில் பிளந்த ஓர் எலும்பு. இரண்டும் தனித்தனி வருத்தங்கள் போலத் தோன்றும். ஆனால் கருவில் ஒரே நாட்களில் நடந்த ஒரே பிசகின் இரண்டு முனைகள் அவை. இதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல நாள் எடுத்தது. நான் விளங்கிக்கொண்டதை, இப்படியொரு பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய்மாருக்கும், அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து ஆலோசனை சொல்லும் என்னைப் போன்றவர்களுக்கும் எழுதுகிறேன்.

மூன்றாவது கிழமையில் நடப்பது

கரு தரித்து மூன்றாவது கிழமையில் முளையம் எள்ளைவிடச் சிறியது. தட்டையானது. ஒரு வெற்றிலையை நினைத்துக்கொள்ளுங்கள். வெற்றிலையின் மேல்முகம் பின்னால் தோலாகவும் மூளையாகவும், முள்ளந்தண்டுக்குள் ஓடுகிற நரம்புக் கயிறான முண்ணாணாகவும் மாறப்போகிறது. கீழ்முகம் குடலாகவும், மூச்சுக்குழாய்க்கும் நுரையீரலுக்கும் உள்பூச்சாகவும் மாறப்போகிறது. இந்த இரண்டு முகங்களுக்கும் நடுவில், வெற்றிலையின் நடுநரம்பு ஓடுகிற இடத்தில், ஒரு மெல்லிய கோல் உருவாகிறது. அதன் பெயர் முதுகுநாண்.

முதுகுநாண் நிலைத்து நிற்கிற உறுப்பு அல்ல. வீடு கட்டும்போது கொத்தனார் இழுத்துக் கட்டுகிற நூல் போன்றது அது. அந்த நூலைப் பார்த்துத்தான் மேலே முண்ணாண் மடிகிறது, சுற்றிவர முள்ளென்புகள் வளர்கின்றன. வேலை முடிந்ததும் நூல் மறைந்துபோகும். முள்ளென்புகளுக்கு இடையிலுள்ள வட்டத்தட்டுகளின் நடுவில் அதன் மிச்சம் கொஞ்சம் இருக்கும், அவ்வளவுதான்.

நூல் ஒழுங்காக ஓட வேண்டுமானால் மேல்முகமும் கீழ்முகமும் நடுவில் நன்றாகப் பிரிந்திருக்க வேண்டும். அந்த நாட்களில் இரண்டுக்கும் இடையே மிகச் சிறிய ஒரு துவாரம் கொஞ்ச நேரம் திறந்திருந்து மூடுவது இயல்பு. சில முளையங்களில் இரண்டு முகங்களும் ஓரிடத்தில் ஒட்டிக்கொள்கின்றன, அல்லது இருக்கக்கூடாத இடத்தில் ஒரு வழி மூடாமல் இருந்துவிடுகிறது. அப்போது நீண்டு வருகிற முதுகுநாணுக்கு நேரே போக இடமில்லை. கொட்டியாரக் குடாவுக்கு வருகிற வழியில் மகாவலி மணல்மேட்டைக் கண்டால் என்ன செய்யும்? இரண்டாகப் பிரிந்து மேட்டின் இரு பக்கமும் ஓடும். முதுகுநாணும் அப்படியே பிரிகிறது. பிரிந்த நூலைப் பார்த்து வளர்கிற முள்ளென்பும் பிளந்தே வளர்கிறது. அந்தப் பிளவின் வழியே குடற்பூச்சின் ஒரு துணுக்கு முதுகுப் பக்கம் இழுபட்டு, உரிய இடத்துக்குத் திரும்ப முடியாமல் அகப்பட்டுக்கொள்கிறது. அந்தத் துணுக்கு தன் இயல்புப்படி நீரும் சளியும் சுரக்கும். சுரந்தது வெளியேற வழியில்லாததால் பை மாதிரி வீங்கும். அதுதான் நெஞ்சின் பின்புறத்தில் தெரிகிற நீர்க்கட்டி. நரம்பும் குடலும் ஒட்டிய இடத்தில் பிறப்பதால் இதை நரம்புக்குடல் நீர்க்கட்டி என்கிறார்கள்.

இந்த விளக்கத்தை பென்ட்லி, ஸ்மித் என்ற இருவர் 1960இல் எழுதினார்கள். பிளந்த முதுகுநாண் என்ற பெயரும் அவர்கள் கொடுத்ததே. இதோடு போட்டிபோடும் வேறு விளக்கங்களும் உண்டு. ஆனாலும் படத்தில் காண்பதோடு மிக நன்றாகப் பொருந்துவது இதுதான்.

பொருந்துகிற விதத்தில் ஒன்று எனக்கு மிகவும் வியப்பாக இருந்தது. பிளந்த முள்ளென்பு பெரும்பாலும் நீர்க்கட்டிக்கு நேரே இருப்பதில்லை. அதைவிட உயரத்தில், கழுத்தின் அடியிலோ மேல்நெஞ்சிலோ இருக்கும். காரணம், பிசகு நடந்தபோது குடல் உயரத்தில் முதுகோடு ஒட்டியிருந்தது. பிறகு குடல் கீழே இறங்கும்போது துணுக்கும் அதோடு இறங்கிவிட்டது, எலும்பு மட்டும் நடந்த இடத்திலேயே நின்றுவிட்டது. எங்கள் டொக்டர் படத்தின் மேற்பக்கத்துக்குப் போனதன் காரணம் இதுதான். நெஞ்சில் உருண்டை தெரிகிற பிள்ளையின் படத்தில் கழுத்தின் அடிவரை எலும்புகள் தெளிவாகத் தெரிய வேண்டும்.

முள்ளென்புகளின் கணக்கும் அதிசயமானதே. முதுகுநாணின் இருபக்கமும் சின்னச்சின்னக் கட்டைகளாக இழையம் சோடி சோடியாகப் பிரிகிறது. மனித முளையத்தில் ஏறக்குறைய 5 மணித்தியாலத்துக்கு ஒரு சோடி. 40க்கும் மேற்பட்ட சோடிகள் இப்படி மணிக்கூடு வைத்தாற்போல் வருகின்றன. ஒரு பக்கக் கட்டை வராமல் போனால் எலும்பின் பாதி மட்டும் உருவாகும், அது அரை முள்ளென்பு. பக்கத்துக் கட்டைகள் பிரியாமல் ஒட்டிக்கொண்டால் இரண்டு எலும்பு ஒன்றாகும். நரம்புக்குடல் நீர்க்கட்டியுள்ள பிள்ளைகளில் பிளந்தது, அரை, ஒட்டியது என்ற மூன்று வகையும் காணப்படும்.

தாய் மேல் பழி

எங்கள் ஒழுங்கைப் பிள்ளைக்குப் படம் எடுத்த அன்று மாலையே மாமிக்காரி கேட்ட கேள்வி, "கிரகணத்தண்டு வெளியில போனனியா?" என்பதுதான். அந்தப் பெண் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இன்றுவரை மனம் ஆறவில்லை.

கணக்கைப் பாருங்கள். கரு தரித்து மூன்றாவது கிழமை என்பது, மாதவிடாய் தள்ளிப்போயிருக்கிறதோ என்று ஒரு பெண் யோசிக்கத் தொடங்குகிற அதே கிழமை. பலருக்கு அப்போது கர்ப்பம் என்றே தெரியாது. கிளினிக்கில் பதியவில்லை, கொப்பி கிடைக்கவில்லை, மசக்கைகூடத் தொடங்கவில்லை. அதற்குள் முதுகுநாண் ஓடி முடிந்துவிட்டது. கிரகணமும், அன்னாசியும், பாரம் தூக்கியதும், கடலுக்குப் போனதும் இதில் எதையும் செய்யவில்லை. இந்த நீர்க்கட்டி பெரும்பாலும் குடும்பத்தில் தொடர்ந்து வருவதும் இல்லை. அடுத்த பிள்ளைக்கும் வருமோ என்று பயந்து ஒதுங்க வேண்டியதில்லை.

முன்கூட்டியே செய்யக்கூடியவை சில உண்டு. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே போலிக் அமிலம் எடுப்பது முண்ணாண் மூடாமல் போகிற குறைகளைக் கணிசமாகக் குறைக்கும். அதனால்தான் கலியாணமான பெண்களுக்கு மிட்வைஃப் முதலிலேயே அந்தக் குளிசையைக் கொடுக்கிறார். பிளந்த முதுகுநாணை அது தடுக்கும் என்று சொல்ல ஆதாரம் இல்லை, ஆனாலும் எடுக்க வேண்டிய குளிசைதான். தாய்க்குச் சீனி வருத்தம் இருந்து கட்டுப்பாட்டில் இல்லாமல் கரு தரித்தால் பிள்ளையின் முள்ளென்புக் குறைகள் கூடும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். இங்கே சீனி வருத்தம் இல்லாத குடும்பம் அரிது. அதனால் பிள்ளைக்கு ஆயத்தமாகும் முன்பே இரத்தச் சீனியைப் பார்த்துச் சரிசெய்வது பெரிய உதவி. பார்த்தாலும் பார்க்காவிட்டாலும், வந்த பிள்ளையின் வருத்தத்துக்குத் தாயைக் கூண்டில் ஏற்ற எவருக்கும் உரிமையில்லை.

எல்லா உருண்டையும் ஒன்றல்ல

பிள்ளையின் நெஞ்சில் பிறப்பிலேயே வருகிற கட்டிகள் பல. முன்குடல் என்ற ஒரே குழாயிலிருந்துதான் உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் பிரிகின்றன. நாலாவது கிழமையில் அந்தக் குழாயின் முன்பக்கத்தில் ஒரு மொட்டு வந்து, பிரிந்து பிரிந்து நுரையீரலாகிறது. மொட்டிலிருந்து ஒரு துணுக்கு கழன்று தனியாக நின்றால் அது மூச்சுக்குழாய் வகை நீர்க்கட்டி. அதன் சுவரில் மூச்சுக்குழாயில் இருப்பது போலவே குருத்தெலும்புத் துண்டு இருக்கும், உள்ளே சளி இருக்கும். உணவுக்குழாய்ப் பக்கத்திலிருந்து கழன்றால் அது உணவுக்குழாயின் இரட்டைப்பிரதி போல இரண்டு தசைப்படையோடு இருக்கும். இந்த இரண்டு வகையிலும் முதுகெலும்பு பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும். மூன்றாவதான நரம்புக்குடல் வகையில்தான் எலும்பும் சேர்ந்து கெடும். நுரையீரலுக்குள்ளேயே குமிழ் குமிழாக வரும் பிறவிக் குறை வேறு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசைத்திரையான விதானத்தில் ஓட்டை விழுந்து குடல் நெஞ்சுக்குள் ஏறுவது வேறு. அவற்றை இங்கே நான் விரிக்கவில்லை.

நெஞ்சில் நீர்க்கட்டி என்று சொன்னால், எந்த வகை என்று கேளுங்கள். முள்ளந்தண்டு பார்த்தாகிவிட்டதா என்றும் கேளுங்கள். மறுபக்கமும் அதே மாதிரி. வேறு காரணத்துக்காக எடுத்த படத்தில் மேல்நெஞ்சு முள்ளென்பு பிளந்திருப்பது தெரிந்தால் நெஞ்சையும் வயிற்றையும் பார்க்க வேண்டும். சில நீர்க்கட்டிகள் நீண்ட வால்போல விதானத்தைத் துளைத்துக்கொண்டு வயிற்றுக்குள் போய்ச் சிறுகுடலில் ஒட்டியிருக்கும்.

முள்ளென்புக் குறையைக் கண்டால் மற்ற இடங்களையும் தேடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முள்ளென்பு, மலவாசல், இதயம், மூச்சுக்குழாயும் உணவுக்குழாயும், சிறுநீரகம், கைகால் ஆகியவற்றில் சில கூட்டாகக் கெடுகிற ஒரு நிலை இருக்கிறது. அதனால் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் ஒரு ஸ்கேன் செய்துவிடுவது நல்லது.

முட்டு மாதிரி, ஆனால் முட்டு இல்லை

பிறந்த பிள்ளையின் மூச்சுக்குழாய் 4 அல்லது 5 மில்லிமீற்றர் அகலம்தான். குளிர்பானம் குடிக்கிற ஸ்ட்ரோ அளவு. குழாயின் ஆரை பாதியானால் காற்று போவதற்கான தடை இரண்டு மடங்காவதில்லை, 16 மடங்காகிறது. பெரியவரின் நெஞ்சில் ஓர் எலுமிச்சை அளவு கட்டி பல வருடம் தெரியாமலே இருக்கலாம். பிள்ளையின் நெஞ்சில் அதே கட்டி மூச்சுக்குழாயைப் பக்கத்திலிருந்து அமுக்கினால் இழுப்பு, சத்தம், நீலம் பாய்தல் எல்லாம் வரும். உணவுக்குழாயை அமுக்கினால் பால் இறங்காது, கக்கும், நிறை ஏறாது. நுரையீரலின் ஒரு பகுதிக்குக் காற்றுப் போகிற வழி நெரிந்தால் அங்கே சளி தேங்கிக் கிருமி பிடித்து, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நியூமோனியா வரும்.

முட்டுக்குக் கொடுக்கிற நெபுலைசர் சுருங்கிய சிறு காற்றுக்குழாய்களை விரிக்கும். வெளியிலிருந்து ஒரு கட்டி அமுக்கினால் அது என்ன செய்ய முடியும்? எங்கள் பிள்ளை இரண்டு நாள் தேறியது கிருமிக்குக் கொடுத்த மருந்தால். கட்டி அப்படியே இருந்தது.

இந்த நீர்க்கட்டியின் மோசமான குணம் ஒன்று, அதன் உட்பூச்சு சில வேளை இரைப்பையின் பூச்சாக இருப்பது. இரைப்பைப் பூச்சு எங்கே இருந்தாலும் அமிலம் சுரக்கும். மூடிய பைக்குள் அமிலம் சேர்ந்தால் புண் வரும், இரத்தம் கசியும். பக்கத்து மூச்சுக்குழாயை அரித்துத் துளைத்தால் பிள்ளை இரத்தம் இருமும். உணவுப்பாதைக்குள் திறந்தால் மலம் தார் போலக் கறுக்கும். இப்படியான பிள்ளைக்கு டெக்னீசியம் என்ற கதிர்ப்பொருளைச் சிறிதளவு கொடுத்து எடுக்கிற ஸ்கேனில் இரைப்பைப் பூச்சு இருக்கும் இடம் தெரியும்.

பிளவு முண்ணாண்வரை போயிருந்தால் அறிகுறி வேறு மாதிரி. முள்ளந்தண்டுக் குழிக்குள்ளும் ஒரு நீர்க்கட்டி முண்ணாணை முன்புறமிருந்து அமுக்கிக்கொண்டிருக்கலாம். ஒரு கால் மற்றதைவிடக் குறைவாக உதைக்கும், கை தளரும், கழுத்தை அசைத்தால் பிள்ளை வீரிட்டு அழும். வெளியிலிருந்து முண்ணாணின் உறைவரை வழி இருந்தால் மூளைக்காய்ச்சல் வரும், குணமாகும், திரும்ப வரும். ஒரு பிள்ளைக்கு இரண்டாவது தடவை மூளைக்காய்ச்சல் வந்தால், எங்கோ ஒரு வாசல் திறந்திருக்கிறது என்று தேட வேண்டும். முதுகின் நடுக்கோட்டில் முடிக்கற்றை, குழி, சிவந்த தழும்பு ஏதாவது தெரிந்தால் குளிப்பாட்டும்போது பார்த்து வைத்திருந்து டொக்டரிடம் சொல்லுங்கள். அம்மம்மாமார் குளிப்பாட்டுகிற வீட்டில் இது அவர்கள் கண்ணுக்குத்தான் முதலில் படும்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று மூச்சு எண்ணுவது. பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, முழுதாக ஒரு நிமிடம், வயிறும் நெஞ்சும் எழுந்து தாழ்வதை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேக மூச்சு. நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, உதடு நீலமானாலோ, பால் குடிக்க முடியாவிட்டாலோ விடியும்வரை பார்த்திருக்க வேண்டாம். 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

படம் பார்ப்பதும் ஊசி போடாததும்

கர்ப்பத்தில் 18 முதல் 22 வாரத்துக்குள் செய்கிற ஸ்கேனிலேயே சில நீர்க்கட்டிகள் தெரிந்துவிடும். இதயம் ஒரு பக்கம் தள்ளுப்பட்டிருப்பதும், முள்ளந்தண்டின் கோடு ஓரிடத்தில் குழம்பியிருப்பதும் அப்போதே கண்ணில் படலாம். தெரிந்தால் பிரசவத்தை எங்கே வைப்பது என்று முன்பே தீர்மானிக்க முடியும். தெரியாமலும் போகலாம், சிறிய கட்டி பிறந்த பிறகுதான் வளரும். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்ற துண்டு ஆயுள் முழுக்கச் செல்லாது.

பிறந்த பிறகு முதற் கருவி சாதாரண நெஞ்சு எக்ஸ்ரே. முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுத்தால் கட்டி பின்புறத்தில் இருப்பது தெரியும். முதல் மூன்று மாதத்துக்குள் முதுகின் எலும்பு முழுதாக இறுகாததால் ஸ்கேன் கருவியை முதுகில் வைத்தே முண்ணாணைப் பார்க்கலாம். பிறகு எம்.ஆர்.ஐ. தான். கதிர்வீச்சு இல்லை, நீரையும் நரம்பையும் எலும்பையும் ஒன்றாகக் காட்டும். பிள்ளை அசையாமல் இருக்க வேண்டும் என்பதால் மயக்க மருந்து தேவைப்படும். மிகச் சிறிய பிள்ளையைப் பால் கொடுத்து, துணியில் சுற்றி, தூங்கவைத்தும் எடுத்துவிடுவார்கள். நெஞ்சைத் திறக்கும் முன்பு முள்ளந்தண்டுக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்திருக்க வேண்டும். நெஞ்சிலிருக்கும் பையை இழுக்கும்போது அதன் காம்பு முண்ணாணோடு ஒட்டியிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த வயதில் முதுகை ஒட்டிய உருண்டை என்றால் முதலில் விலக்க வேண்டியது நரம்பு இழையத்தில் வருகிற ஒரு புற்றுநோய், நியூரோபிளாஸ்டோமா. நெஞ்சின் பின்புறக் கட்டிகளில் பிள்ளைகளுக்கு அதுதான் அதிகம். சிறுநீர்ச் சோதனையும் படமும் அதைப் பிரித்துக் காட்டும். முண்ணாணின் உறையே எலும்பு இடைவெளியால் பிதுங்கி நெஞ்சுக்குள் வருவதும் உண்டு. வெளியிலிருந்து அதுவும் நீர்க்கட்டி போலத்தான் தெரியும். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று நினைத்து அவசரத்தில் ஊசி போட்டு இழுத்தால், முண்ணாணைச் சுற்றிய நீரில் கிருமியைக் கொண்டுபோய் விட்டதாகிவிடும். நரம்புக்குடல் நீர்க்கட்டியையும் ஊசியால் இழுத்து மாற்ற முடியாது. பூச்சு உள்ளே இருக்கும்வரை திரும்பச் சுரக்கும்.

சத்திரசிகிச்சைதான் தீர்வு. நெஞ்சின் பக்கவாட்டில் திறந்தோ, சிறு துளைகள் வழியே கமரா விட்டோ பையை முழுதாக எடுப்பார்கள். உணவுக்குழாயோடு சுவர் ஒட்டியிருந்தால் உட்பூச்சை மட்டும் உரித்தெடுத்து, பொதுச் சுவரை விட்டுவிடுவதும் உண்டு. முண்ணாணை அமுக்குகிற பகுதி இருந்தால் பொதுவாக அதைத்தான் முதலில் விடுவிப்பார்கள். நெஞ்சுக் கட்டியால் மூச்சே திணறினால் வரிசை மாறும். சிறுவர் சத்திரசிகிச்சை நிபுணரும் நரம்புச் சத்திரசிகிச்சை நிபுணரும் சேர்ந்து எடுக்கிற முடிவு அது. காலத்தோடு முழுதாக எடுத்துவிட்ட பிள்ளைகள் பெரும்பாலும் நன்றாக மூச்செடுத்து, நன்றாக வளர்கிறார்கள்.

பாதையும் பையும்

திருகோணமலையிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். மூதூர், சம்பூர், வெருகல் பக்கத்துக் குடும்பத்துக்கு அதோடு இன்னும் சேரும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பாதை என்கிற மிதவையில் ஏறிக் கடலைக் கடந்துதான் அங்கிருந்து நகரத்துக்கு நோயாளியைக் கொண்டுவந்தார்கள். இன்று பாலம் இருக்கிறது. ஆனாலும் கொழும்பில் சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ, பேராதனையில் உள்ள சிறுவர் வைத்தியசாலைக்கோ அனுப்பினால், தாயும் பிள்ளையும் அங்கே, தகப்பன் தொழிலை விட்டுவிட்டு வெளியில், மூத்த பிள்ளைகள் அம்மம்மா வீட்டில் என்று குடும்பமே சிதறும். அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குப் பணம் கட்டத் தேவையில்லை. பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் ஆகிற செலவுதான் மீன்பிடியையும் கூலியையும் நம்பிய குடும்பத்தை முறிக்கிறது. மொழி இன்னொரு சுவர். வாட்டில் சிங்களத்தில் சொன்னதை அரைகுறையாக விளங்கிக்கொண்டு தலையாட்டிவிட்டு வருகிற தாய்மார் பலரைக் கண்டிருக்கிறேன். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதிய துண்டை ஊருக்கு வந்ததும் மிட்வைஃபிடமோ இங்கேயுள்ள டொக்டரிடமோ காட்டி வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு தூரத்துக்கு நடுவில் பிள்ளையின் கதையை ஒரு இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகிறவர் தாய் ஒருவர்தான். கணினியில் எல்லாம் இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. எக்ஸ்ரே படம், ஸ்கேன் றிப்போட், டிக்கெட் வெட்டி வீட்டுக்கு விடும்போது தருகிற துண்டு, பிள்ளையின் வளர்ச்சிப் பதிவுக் கொப்பி எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். படத்தைத் தராவிட்டால் போனில் என்றாலும் ஒரு படம் எடுக்கக் கேளுங்கள். எங்கள் பிள்ளைக்கு அந்த ஒரு பழைய படம் கையில் இருந்திராவிட்டால் நாலாவது தடவையும் நியூமோனியா என்றே எழுதியிருப்பார்கள். முதல் தடவை படம் எடுத்த இடத்தில் எலும்பையும் ஒருமுறை பார்த்திருந்தால் மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும். அந்த மூன்று மாதமும் அந்தத் தாய் இரவில் நிமிர்ந்து உட்கார்ந்து பிள்ளையைத் தோளில் வைத்துத் தூங்கவைத்தாள்.

கட்டியை எடுத்தாகிவிட்டது. சளி என்று வாட்டில் மறிப்பது அதோடு நின்றது. பிளந்த எலும்பு அப்படியேதான் இருக்கிறது, அதை யாரும் எடுக்கவோ ஒட்டவோ மாட்டார்கள். இரண்டு பாதியும் ஒரே அளவில் வளர்ந்தால் முதுகு நேராக நிற்கும். ஒரு பக்கம் முந்தினால் வளையும். முதல் ஐந்து வருடமும், பிறகு பருவமடைகிற காலமும்தான் வளைவு வேகமாகக் கூடுகிற காலங்கள். நெஞ்சைத் திறந்த பக்கத்தில் விலா எலும்புகள் ஒட்டிக்கொண்டாலும் வளைவு வரலாம். ஆகவே கிளினிக் முடியவில்லை. இப்போது பிள்ளைக்கு இரண்டு வயது. போன தடவை கிளினிக்குக்கு நானும் போனேன். சட்டையைக் கழற்றி, "குனி ராசா" என்று தாய் சொல்ல, அவன் குனிந்து தன் கால்விரலைத் தொட்டுச் சிரித்தான். டொக்டர் பின்னால் நின்று இரண்டு தோள்பட்டையும் ஒரே உயரமா என்று பார்த்தார், விரலால் முள்ளந்தண்டைக் கழுத்திலிருந்து கீழே தடவிக்கொண்டு வந்தார், ஆறு மாதத்தில் அடுத்த படம் என்று கொப்பியில் எழுதினார். தாய் அந்தக் கொப்பியைப் படங்களோடு சேர்த்து அதே பையில் வைத்துச் சிப்பை இழுத்து மூடினாள்.